வாத்து மேய்க்க வாங்கிய யானை

நிறையப் படிக்கிற ஆளைக் கடைக்கு அனுப்பக் கூடாது. வாங்க வேண்டிய பொருள் எதற்கு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்து நிற்பான். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

எனக்கு ஒரு பழக்கம். மேட்டூர் திறந்த நாள், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர்ந்த நாள், சபையில் அறுப்பின் பண்டிகை நடந்த நாள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைப்பேன். (இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான் காரணம் என்பாள் மனைவி.) அதனால் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த என் மகள் எஸ்தர், "அப்பா, ஒரு கேம் செய்யப் போறேன், லேப்டாப் வேணும்" என்றது பதினெட்டாம் பெருக்கு முடிந்த வாரம் என்று அடித்துச் சொல்வேன். வாங்கியது தீபாவளிக்கு முந்தின வாரம். நடுவில் போன காலமெல்லாம் என் ஆராய்ச்சி.

"சாதாரணமா ஒண்ணு போதும்ப்பா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன், கேம் செய்யத் தெரிந்தவளைப் பார்த்து.

கேம் என்றால் கேமிங் லேப்டாப்; அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி நினைவகம் எவ்வளவு, ரேமைப் பிற்பாடு கூட்ட முடியுமா, திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் பிரசங்கம். மனைவி ரசத்தை என் தட்டில் ஊற்றிவிட்டுத் தன் தட்டோடு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. டெல்டா வெயிலுக்கு லேப்டாப் சூடேறும். ஆகவே எல்லாவற்றையும்விட முக்கியம் விசிறி. அடியிலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிற பெரிய விசிறிகளாக இருக்க வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை. இப்போது காரணம் புரிகிறது.

தஞ்சாவூர்க் கடைக்கு மைத்துனன் தானியேலும் கூட வந்தான். வலங்கைமானில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவன்.

"தம்பி, இது எத்தனை எச்.பி.?" என்று விற்பனைப் பையனைக் கேட்டான்.

"இதுல அப்படிக் கிடையாதுங்க சார். மேடம் என்ன கேம் செய்யறாங்கன்னு சொன்னா..."

"அதெல்லாம் இருக்கட்டும், விசிறியக் காட்டுங்க," என்று குறுக்கே விழுந்தேன்.

தானியேல் நான் காட்டியதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்தான், எடுங்க அத்தான்" என்றான். மூட்டை பார்க்கிற கை. அதோடு முடிந்தது.

மயிலாடுதுறை பக்கத்தில் எங்கள் வீடு. தெருவுக்கு எதிர்ச்சாரியில் நெல் கொள்முதல் நிலையம். காற்றோட்டம் வேண்டுமே என்று அந்தப் பக்கத்து ஜன்னலோரமாக நானே மேசையை இழுத்துப் போட்டேன்.

பொங்கல் கழிந்து சென்னைக் கம்பெனி ஒன்று எஸ்தரை நேர்காணலுக்கு அழைத்தது. வீடியோவில் பேசி, செய்த கேமை ஓட்டிக் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் பி.எட். சேர்த்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவுகட்டியிருந்தோம். அவளுக்கும் அது தெரியும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று காலையிலேயே வானம் மூட்டம். மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று ஊரே நெல்லைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. தூற்றுகிற மெஷின் நிற்காமல் ஓடியது.

"ஜன்னலைச் சாத்திடவாப்பா?"

"சாத்தாதே. சூடேறிடும்."

நேர்காணல் ஆரம்பித்தது. நான் கேமராவில் படாமல் பீரோ ஓரமாக நின்றேன்.

"எஸ்தர், எங்கேருந்து பேசறீங்க? மெஷின் சத்தமா இருக்கே," என்றார் திரையில் தெரிந்த கம்பெனி அம்மா.

"வீட்லேருந்துதான் மேடம். எதிர்ல நெல்லு தூத்தறாங்க."

பாதிச் சத்தம்தான் எதிரிலிருந்து வந்தது. மீதி, நான் தேர்ந்தெடுத்த விசிறி.

கேமைத் திறந்தாள். அதை அன்றுதான் நானும் முதல்முதலாகப் பார்த்தேன். அறுத்த வயல். கையில் கோலோடு ஒரு பெண். முன்னால் வாத்துக் கூட்டம். ஒன்றும் தொலையாமல் வாய்க்காலைக் கடத்திவிட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் பாடப் புத்தகத்துப் படம்போல எளிமையான படம். இதற்காகவா நான் மூன்று மாதம் கிராபிக்ஸ் கார்டு படித்தேன் என்று மனம் கேட்டபோதே வாத்துகள் நின்றன. நகர்ந்தன. மறுபடி நின்றன. திரை கறுத்துவிட்டது.

"சூடு தாங்காம தானா அணைஞ்சுக்கும். அதுவும் ஒரு பாதுகாப்பு வசதிதான்," என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்த பார்வைக்குத் தேதி குறித்துவைக்கவில்லை. தேவைப்படாது.

கைபேசியில் திரும்ப இணைந்தாள். என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்டதும், லேப்டாப்பைத் தூக்கிக் கேமரா முன்னால் கவிழ்த்து, முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். தூசியும் பதருமாகக் கொட்டியது. கொள்முதல் ஆரம்பித்த நாளிலிருந்து என் விசிறிகள் எதிர்ச்சாரிக் களத்தையே இழுத்துத் தின்றிருக்கின்றன. அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். "நாளைக்கு வேற லேப்டாப்ல காட்டுங்க," என்றார் அந்த அம்மா.

மறுநாள் வலங்கைமானில், தானியேல் வாடகை பில் அடிக்கிற பழைய லேப்டாப்பில் (அதை டைப்ரைட்டர் என்று நான் கேலி செய்திருக்கிறேன்) பென்டிரைவைச் செருகினாள். வாத்துகள் வரிசையாக, ஒன்றுகூடத் தயங்காமல், வாய்க்காலைக் கடந்தன. வேலை கிடைத்தது. பி.எட். பேச்சை வீட்டில் யாரும் அப்புறம் எடுக்கவில்லை.

"ஏன் அத்தான், வாத்து மேய்க்கவா யானை வாங்குனீங்க?" என்றான் தானியேல். அதோடு விட்டானா? வருடாவருடம் தை பிறந்து, எதிரே தூற்றும் மெஷின் ஓட ஆரம்பித்ததும் போன் வந்துவிடும்: "யானைக்குத் தீனி போட்டாச்சா அத்தான்?" போன கிறிஸ்துமஸில், எஸ்தரைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார்கூட அதையே கேட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று விசாரிக்கவில்லை.

இந்தத் தையில் எஸ்தர் லீவில் வந்து, கம்பெனி கொடுத்த மெல்லிசு லேப்டாப்பை மேசையில் வைத்தாள். கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "இப்ப என்ன கேம்மா செய்யறே?" என்றேன்.

லேப்டாப்பைத் திறக்கப் போனவள் எதிரே ஓடுகிற மெஷினைப் பார்த்தாள்.

"சொல்றேன்ப்பா. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்திட்டு வாங்க."