கடைசிப் பக்கத் துணைக்குழு

உலகச் சிறுவர் இலக்கிய வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் ‘சிறுவர் எழுத்து மேம்பாட்டுக் கழக’த்துக்கு முன்பு, பின்பு. பின்பு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்களைக் கழகச் செயலாளர் என்ற முறையில் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

கழகத்தில் பதினோரு பேர். எல்லாரும் குழந்தைகளுக்காக எழுதுகிறவர்கள். எங்களைப் படித்த குழந்தையை மட்டும் இதுவரை நேரில் சந்தித்ததில்லை. வரித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தலைவர் ஒரு கூட்டத்தில் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்.

“அச்சுல வந்த குழந்தைங்க புஸ்தகத்த நாம படிக்கறதே இல்ல. படிச்சாதான் நம்ம எழுத்து தேறும்.”

“முழுசாவா?” என்று கவலையோடு கேட்டார் பொருளாளர்.

“நமக்கு ஏது நேரம்? ஆளுக்கொரு பக்கமா பிரிச்சுக்கலாம்.”

முதல் பக்கத்துக்கு ஒரு துணைக்குழு, நடுப் பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. எனக்குக் கடைசிப் பக்கம். மற்ற துணைக்குழுக்கள் கூடுவதற்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. செயலில் இறங்கியது என் துணைக்குழு மட்டுமே என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

தெரு முனை நூலகத்தின் சிறுவர் பிரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அத்தனையும் சுமந்து வர எனக்கு முதுகு இடம் கொடுக்காது. ஆகவே பிளேடு கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் கடைசித் தாளை மட்டும், ஓரம் பிசிறாமல் அறுத்து எடுத்தேன். பிசிறினால் புத்தகம் கெட்டுவிடும் அல்லவா?

“என்ன சார் பண்றீங்க?” என்றார் நூலகர் அம்மா.

“ஆய்வு.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மகிமை.

வீட்டில் உட்கார்ந்து சொற்களை எண்ணினேன். எண்ணுகிறவர் கதையைப் படிக்கக் கூடாது, படித்தால் உணர்ச்சிவசப்பட்டுக் கணக்கு தவறும் என்பது கழக விதி. சராசரி பதினேழு சொற்கள். எண்ணி முடித்த தாள்களை முறைப்படி பழைய பேப்பர்காரரிடம் ஒப்படைத்தேன்.

அடுத்த வாரம் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நூலகப் புத்தகம் ஒன்றோடு வந்து நின்றாள்.

“அப்பா, முள்ளம்பன்றிக் குட்டி வழி தெரியாம அலையுது. ஒரு வீட்டுக் கதவத் தட்டுது. கதவு திறக்குது. அப்புறம் பக்கமே இல்ல. யாருப்பா திறந்தாங்க?”

“கண்ணு, அது என் கணக்குல நூத்தி நாப்பத்தேழாம் தாள். பதினாலே வார்த்தை. அருமையான முடிவு.”

“அதான், என்ன முடிவு?”

“சின்ன முடிவு.”

“திறந்தது அதோட அம்மாவா, வேற யாராவதா?”

பதினாலு சொற்களையும் விரல் விட்டு எண்ணியவன் நான். ஒன்றுகூட நினைவில்லை. வெட்கமாக இருந்தது. “அம்மாதான்,” என்று சொல்லிவைத்தேன்.

“பொய். உனக்குத் தெரியாது,” என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

அதன்பின் அவள் நூலகம் பக்கமே போகவில்லை. கதைப் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்றால், “வேண்டாம், அதுவும் பாதியில நின்னுடும்,” என்றாள். மூன்று மாதம் கழித்து நூலகர் அம்மா என்னை வழிமறித்தார்.

“ஒரு பிள்ளையும் வர்றதில்ல சார். அந்தப் பிரிவ மூடிட்டு, உடைஞ்ச நாற்காலிய அடுக்கச் சொல்லிட்டாங்க.”

கழகம் அதிர்ந்தது. அவசரக் கூட்டம் கூடியது. பிளேடு கொண்டு போனது முதல் என் ஆய்வு முறை முழுவதையும் விவரித்து, நாற்பது பக்க அறிக்கை ஒன்றை நானே எழுதினேன். அதன் முடிவுரை ஏகமனதாக நிறைவேறியது: ‘இன்றைய குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை. எந்தக் கதையையும் அவர்கள் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை.’ கீழே என் கையெழுத்து.

அச்சாகி வந்த அறிக்கையை மேசைமேல் வைத்திருந்தேன். மகள் எடுத்தாள். நாற்பது பக்கத்தையும் எழுத்துக்கூட்டி, ஒன்று விடாமல் படித்தாள். முடிவுரையில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நீ வெட்டியிருக்க வேண்டியது இந்தப் பக்கத்தத்தான்.”