மாமனாரின் பத்து விரல்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம், என் பத்து விரல்களைத் தவிர.

நாங்கள் உங்களோடு வந்து குடியிருக்க நீங்கள் விசாவுக்கு விண்ணப்பித்தாலும் விண்ணப்பித்தீர்கள், அந்த நாட்டின்மேல் எனக்கு வந்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. பத்து வருஷமாக எந்தெந்த வீட்டில் குடியிருந்தேன் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர்களே மறந்துபோனதை யோசித்து யோசித்து எழுதினேன். நெஞ்சைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளே பார்க்காத என் நெஞ்சுக்குள்ளே, முன்பின் தெரியாத ஒரு நாடு உட்கார்ந்து பார்க்கிறது என்றால் சும்மாவா? எங்கள் கல்யாணம் நிஜம்தானா என்று அத்தாட்சி கேட்டதும் உங்கள் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொய்யாக் கட்டிக்கிறதா இருந்தா இவரையா கட்டியிருப்பேன்னு எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. கல்யாணப் போட்டோவை வைத்தோம்.

கடைசியாக விசா அலுவலகத்தில் கைரேகை. உங்கள் மாமியாருக்கு மிஷின் கண்ணாடியில் பத்தும் பளிச்சென்று விழுந்தன. எனக்கு ஒன்றுகூட விழவில்லை. நாற்பது வருஷம் கொத்தனாராக சிமெண்டில் புழங்கிய கையில் ரேகை எங்கே இருக்கும்? நான் பூசின சுவர் மாதிரியே வழவழவென்று இருக்கிறது. இத்தனை வீடு கட்டினவனை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது அந்த மிஷின். ஆனாலும் அதற்கு என்ன கண், மாப்பிள்ளை! கவுண்டரில் இருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள்: பதினைந்து நாள் சிமெண்டைத் தொடாமல் எண்ணெய் தடவி வந்தால் ரேகை எழும்பலாம், மொத்தம் மூன்று தடவைதான், அப்புறம் அம்மா மட்டும்தான் போக முடியும் என்று. அடுத்த தெருவுக்குக்கூட என்னை விட்டுப் போகாதவள் உங்கள் மாமியார்.

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம்தான். குழாயைக்கூடத் திருக விடுவதில்லை. காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக எண்ணெய் தேய்க்கிறாள். கல்யாணமான புதிதில் பிடித்த கை, அதற்கப்புறம் இப்போதுதான் பிடிக்கிறாள். நேற்று ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால் கட்டைவிரலில் மெல்லிசாக ஒரு கோடு. நாளை போகிறோம், பத்தும் நிச்சயம் விழும், எங்களுக்கு அறையை ஒழித்து வையுங்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் போய்வந்துவிட்டோம். அலுவலக வாசற்படிக்குப் புதிதாகப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. வாட்டம் தப்பு, மழை பெய்தால் தண்ணீர் உள்ளேதான் போகும். அவ்வளவு பெரிய நாட்டின் அலுவலகமாயிற்றே, மனசு கேட்கவில்லை. பூசுகிறவனிடம் கொத்துக்கரண்டியை வாங்கி ஆரம்பித்து, கடைசியில் கையாலேயே தேய்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் நம்பரைக் கூப்பிட, பதறிப்போய் ஈரப் பூச்சிலேயே கையை ஊன்றி எழுந்தேன். மிஷினில் ஒன்றும் விழவில்லை. உங்கள் மாமியார் திட்டவில்லை. கவுண்டர் பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போய், "இவர் கைதானே வேணும்? இதோ முழுசாப் பதிஞ்சிருக்கு, எடுத்துக்கங்க" என்றாள். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் பதினைந்து நாள், அதுதான் கடைசித் தடவை. எண்ணெய்க் கிண்ணம் மறுபடி வந்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதினைந்து நாள் கூடக் கிடைத்ததே என்றும் இருக்கிறது. இதை மட்டும் உங்கள் மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.