ஏழு தரம் அழித்த பெட்டி

நான் ஒருவரையும் நம்புவதில்லை. இதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. எனக்குச் சம்பளம் தருகிற குணமே அதுதான். காணி உறுதிகளைச் சரிபார்ப்பது என் கந்தோர் வேலை. வருடக்கணக்காகக் கள்ளக் கையெழுத்துகளைப் பார்த்துப் பழகியவனுக்கு, காலையில் பால்காரர் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறார் என்றுதான் யோசனை போகும்.

பெட்டி பிறந்ததும் அந்தக் குணத்தில்தான். வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் போட்டு வைக்கலாமே என்று கந்தோரில் சொன்னார்கள். முன்பின் தெரியாதவனுடைய கணினியில் என் குடும்பத்தைக் குடியிருத்துவதா? பாகம் பாகமாக வாங்கி, கொக்குவில் வீட்டின் பின்னறையில் நானே ஒரு சேமிப்புக் கணினியைப் பொருத்திப் பூட்டினேன். உள்ளே நான்கு டிஸ்க்குகள். ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும். கள்ளன் புகுந்தாலும் ஏமாறட்டும் என்று எல்லாவற்றுக்கும் பொய்ப்பெயர் வைத்தேன். எங்கள் காணி உறுதிகள் 'புட்டு வகைகள்' என்ற பெயரில் இருந்தன. (என் மனைவி வதனி ஒருநாள் ஆசையோடு அதைத் திறந்து ஏமாந்தாள்.) பெட்டி இரவுபகலாக உறுமியது. அதன் சூட்டில் வதனி மோர்மிளகாய் காயவைத்தாள். அவளுக்கு அதனால் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து வதனியின் சித்தி வரப்போவதாகச் செய்தி வந்தது. பின்னறை தேவைப்பட்டது.

"உந்த இரைச்சலுக்கை சித்தி எப்பிடிப் படுக்கிறது? வித்துப்போடுங்கோ" என்றாள் வதனி.

தேவையானவற்றை ஒரு சின்னப் புது டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டு, குப்பைகளை விட்டுவிட்டு, இணையத்தில் விளம்பரம் போட்டேன். படத்தில் வீட்டுச் சுவர், யன்னல், கதவு எதுவும் தெரியாமல் மறைத்தேன். (பெட்டியிலும் பாதி மறைந்துவிட்டது.) மூன்றாம் நாள் ஒரு அழைப்பு வந்தது. குருநகரிலிருந்து அன்ரன் கதைக்கிறேன் என்றான்.

"அண்ணை, டிஸ்க்குகளும் சேர்த்துத்தானே?"

எனக்குத் திக்கென்றது. பெட்டி வாங்குபவனுக்கு என் டிஸ்க்குகள் எதற்கு? (டிஸ்க் இல்லாத சேமிப்புக் கணினி வெறும் தகரம் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.)

"டிஸ்க் எத்தினை மணித்தியாலம் ஓடியிருக்கு?" என்றும் கேட்டான்.

"ஏன் கேக்கிறீர்?"

"இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் எண்டு பாக்கத்தான். சனிக்கிழமை பின்னேரம் வந்தா வீட்டிலை ஆக்கள் நிப்பினமோ?"

வீட்டில் ஆள் இருக்குமா என்று கேட்கிறான்! "எங்கடை வீட்டிலை எப்பவும் பத்துப்பேர் நிப்பம்" என்றேன். மகளோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர்.

அழித்ததையும் கெட்டிக்காரர்கள் மீட்டெடுப்பார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே அவன் வருவதற்கு முன் டிஸ்க்குகளை ஏழு தரம் அழித்தேன். முழுதாக நான்கு நாள் எடுத்தது.

அன்ரனுக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணம், கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவது தன் தொழில் என்றான். நான் நம்பவில்லை. கேற்றடியில் நிறுத்தி, அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையும் எடுத்தேன்.

"அண்ணை, நான் சாமான் வாங்க வந்தனான். விசா எடுக்க வரேல்லை."

தேத்தண்ணி கொண்டுவந்த வதனி, வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி கொடுத்துவிட்டுப் போனாள். அவன் பெட்டியைக் கட்டும்போது, "ஏழு தரம் அழிச்சிருக்கிறன். ஒண்டும் எடுக்கேலாது" என்று எச்சரித்தேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

சித்தி வந்து இரண்டாம் நாள்.

"பிள்ளை, உன்ரை கலியாண வீடியோவைப் போடு. அத்தானை ஒருக்கால் பாக்கவேணும்."

அத்தான் என்றது வதனியின் அப்பாவை. கல்யாணம் முடிந்த அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார். அவர் நடந்து, கதைத்து, சிரித்த வீடியோ அது ஒன்றுதான். எடுத்த ஸ்ரூடியோக்காரர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். அவர் தந்த டிவிடித் தட்டை, பெட்டியில் ஏற்றியதும், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று, நானே கத்தரிக்கோலால் வெட்டியிருந்தேன்.

புது டிஸ்க்கில் தேடினேன். இல்லை.

"அந்த அன்ரன் எடுத்துப்போட்டான்!" என்றேன்.

"எங்கடை அலுமாரிக்கை கிடந்த டிஸ்க்கிலையிருந்தோ?" என்று வதனி கேட்டாள். அந்த நியாயத்தைக் கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை. குருநகருக்குப் பறந்தேன்.

அன்ரன் கோபிக்கவில்லை. "கழுவின கோப்பை மாதிரித்தான் அண்ணை வந்தது. நீங்கள்தானே அழிச்சனீங்கள். சரி, அந்த வீடியோவை என்ன பேரிலை வைச்சிருந்தனீங்கள்?"

அப்போதுதான் நினைவு வந்தது. 'பழைய சுற்றறிக்கைகள்'. எந்தக் கள்ளனும் திறக்கக் கூடாதென்று, உலகத்திலேயே சலிப்பான பெயராகத் தேடி வைத்தது. பிரதி எடுத்த அன்று அதைப் பார்த்து, இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறேன் என்று விட்டவனும் நான்தான். கள்ளனுக்கு வைத்த பொறியில் அத்தனை வருடத்தில் விழுந்து நட்டப்பட்ட ஒரே ஆள் நான்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னபோது வதனி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பா என்னைத் தாரைவார்த்துக் குடுத்தது அதிலைதானே கிடந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். என்னை நானே பிடித்துப் பொலிசில் கொடுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் சித்தி மெதுவாகச் சொன்னார். "எனக்கு அப்ப வரக் கிடைக்கேல்லை. நேரலையை ரீவியிலை பாத்துக்கொண்டு, அப்பிடியே கைப்போனாலை எடுத்து வைச்சனான். வடிவாத் தெரியாது. என்ரை சத்தமும் கேக்கும்."

அந்த மங்கலை யாராவது தெளிவாக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அன்ரன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"அடையாள அட்டை கொண்டு வந்தனீங்களோ அண்ணை?"

முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் படமும் எடுத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினான். முடிந்ததும், "ஒரு பிரதி என்ரை பெட்டியிலையும் கிடக்கட்டுமே? உங்கடை கையிலை மட்டும் விட எனக்குப் பயமாக் கிடக்கு" என்றான். ஓம் என்றேன். என் கல்யாணம் இப்போது என் பழைய பெட்டிக்குள், அவனுடைய வீட்டில், அதன் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அன்று பின்னேரம் எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். என் மாமனார் சால்வையைச் சரிசெய்தபடி நடந்து வந்தார். வதனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. திரையில் நான் தாலிக்கொடியை வாங்கினேன். அப்போது சித்தியின் குரல், கனடாவிலிருந்து, தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

"உதென்ன, மாப்பிள்ளை தாலியைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறார்? கள்ளத்தாலி எண்டு நினைக்கிறாரோ?"

அழுதுகொண்டிருந்த வதனி சிரித்த சிரிப்பில் அவள் இருந்த கதிரை ஆடியது. அன்றிலிருந்து நான் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாலும், பால்பக்கற்றின் திகதியைப் பார்த்தாலும், மகள் உரத்துச் சொல்லுவாள்: "அம்மா, அப்பா தாலியைப் பாக்கிறார்!"

(உண்மையில் தாலிக்கொடியின் சுரைத் திருகு சரியாகப் பூட்டுமா என்றுதான் பார்த்தேன். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.)