இருபத்தேழு அங்குலச் சமத்துவம்

அரசு ஊழியர் ஒருவர் தம் சொந்த அம்பைத் தம் சொந்த வீட்டில் வெட்டிக்கொள்ளக் கூடாது என்று அதுவரை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில்தான் பாசங் வெட்ட உட்கார்ந்தார்.

பாசங், பூட்டானில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். ஆறடி உயரம். எழுந்திருக்காமலே பக்கத்து மேசை முத்திரையை எடுத்துவிடும் நீளக் கை. அலுவலக வில்லாட்டக் குழுவில், நூற்று நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குப் பலகையை அம்பால் தொடுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சாப்பாட்டுக்காக வருவார்கள்.

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் அம்புக்கான பன்னிரண்டு கார்பன் தண்டுகள் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு அங்குலம். பாசங்கின் கைக்கு முப்பதரை வேண்டும். சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்தோடு போட்டி. மகள் அனுப்பிய அம்பு பலகையில் நிற்பதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் அவருடைய ஆசை.

குடியிருப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, நாண் கவ்வும் பள்ளத்திலிருந்து அளந்து, குறியில் டேப் சுற்றி, கட்டிங் மெஷினில் தண்டை மெல்ல உருட்டி, முதல் அம்பை வெட்டினார். வாய்க்குத் துணி கட்டியிருந்தார். காற்றுக்கு யார் துணி கட்டுவது? கருந்தூள் கிளம்பிப் போய், பக்கத்துக் கூரையில், ‘தாஷோ’ என்று எல்லோரும் அழைக்கும் மாவட்டத் தலைமை அதிகாரியின் மனைவி காயப்போட்டிருந்த மிளகாயின் மேல் உட்கார்ந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. "மேற்படி தூள் மேற்படி மிளகாயின் மீது படிந்தமையைக் கருத்தில்கொண்டு, இல்லங்களில் அம்பு குறைத்தல் இனிமேல் மூவர் குழுவின் முன்னிலையில் மட்டுமே நிகழ்த்தப்பட வேண்டும்."

"மிளகாயைக் கழுவிட்டாப் போச்சு. அதுக்கு எதுக்கு மூணு பேரு?" என்றாள் பாசங்கின் மனைவி யாங்கி. கையிலிருந்த ஜெப உருளை ஒரு சுற்று நின்று, மறுபடி சுற்றியது.

வெள்ளிக்கிழமை மூவர் குழு வந்தது. தலைவர் செஞ்சோ, அலுவலகத்தில் பாசங்குக்கு அடுத்த மேசைக்காரர். தேநீர் குடித்து, வெற்றிலை போட்டு, படிவத்தை விரித்தார்.

"அண்ணே, நீங்க எதுவும் எழுத வேண்டாம். நீளம்கிற இடத்துல ஏற்கெனவே அச்சாகியிருக்கு. இருபத்தேழு."

"அது யாரு கை அளவு?"

"தாஷோவோடது. மாதிரிப் படிவத்துக்கு அவர் கையைத்தான் அளந்தோம். அப்புறம் பாத்தா எல்லாப் பிரிவுலயும் இப்ப இருபத்தேழுதான். முப்பது வெச்சிருந்தா, மலையிலேருந்து இறங்கி வந்த ஆளான்னு சிரிக்கிறாங்க."

"எனக்கு முப்பதரை வேணும்ப்பா. கை நீளம்."

"கை நீளங்கிறது உங்க சொந்த விஷயம். அம்பு நீளம் பொது விஷயம். சமத்துவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

யாங்கிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, எல்லாருக்கும் தாஷோ அளவுலயே உடுப்பு தைச்சா, உங்க முட்டி ரெண்டும் வெளிய தெரியாதா?"

"உடுப்புக்குத் தனிக் குழு இருக்கு அக்கா. அவங்க அடுத்த மாசம் வருவாங்க."

"வெட்டினது திரும்ப வளராதுப்பா," என்றார் பாசங்.

"வளர்றதுக்கு விண்ணப்பம் குடுங்க, பரிசீலிப்போம்."

"நான் வெட்டலைன்னா?"

"வெட்டாத அம்பு பதிவாகாத அம்பு. பதிவாகாத அம்பு நாளைக்குப் பறக்க முடியாது. பறந்தாலும் அது பறந்ததா ஆகாது."

பாசங் யாங்கியைப் பார்த்தார். யாங்கி தரையைப் பார்த்தாள். மெஷின் ஓடியது. ஈரத்துணி விரித்து, மூவர் குழுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்பார்வையிட, பன்னிரண்டு அம்பும் இருபத்தேழானது. ஒவ்வொரு துண்டு விழும்போதும், பிரிந்த உயிருக்குச் சொல்லும் மந்திரத்தை யாங்கி முணுமுணுத்தாள். குட்டை அம்பு வில்லிலிருந்து நழுவிக் கையைக் குத்தாமலிருக்க, வில்லின் இழுப்பு நீளத்தையும் திருகித் திருகிக் குறைத்தார் பாசங். பாதி பலம் அதிலேயே போயிற்று.

சனிக்கிழமை எதிரணி பலகையோரம் நின்று, வழக்கம்போலப் பாட்டும் கேலியுமாகக் காத்திருந்தது. பாசங் விட்ட அம்பு பாதி வழியில் புல்லில் இறங்கிற்று.

"ஏ நெட்டைக்கையா! அங்கேருந்து கையை நீட்டியே குத்தியிருக்கலாமே!"

"அம்புக்கு மூச்சு வாங்குது, தண்ணி குடுங்கப்பா!"

அடுத்து செஞ்சோவின் அம்பு. அதற்கடுத்து கணக்குப் பிரிவு, வனப் பிரிவு. எல்லாம் எழுபது மீட்டரில், நாற்று நட்டது போல வரிசையாக. தாஷோவுடையது மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஓய்வெடுத்தது.

சாப்பாட்டு வேளையில் தாஷோ அவசரக் கூட்டம் கூட்டினார். ஆய்வு நேர்மையாகவே நடந்தது.

"எத்தனை பேர் எய்தீங்க?"

"பதிமூணு பேர் தாஷோ."

"எல்லார் அம்பும் எங்க விழுந்துச்சு?"

"ஒரே இடத்துலதான் தாஷோ."

"பதிமூணு அதிகாரிகள் ஒரே நேரத்துல தப்பு பண்ண முடியுமா?"

"முடியாது தாஷோ."

"அப்ப தப்பு எது?"

எல்லோரும் தூரத்தில் நின்ற பலகையைப் பார்த்தார்கள். அது பதில் சொல்லவில்லை. குற்றம் உறுதியாயிற்று.

எதிரணி சண்டைக்கு வரும் என்று பாசங் எதிர்பார்த்தார். அவர்களுடைய தாஷோ, இன்னும் குட்டைக் கைக்காரர், மெல்ல நெருங்கி வந்து கேட்டார்: "அந்தப் படிவத்துல ஒரு நகல் எங்களுக்கும் கிடைக்குமா?"

பலகை எழுபதுக்கு வந்தது. பிற்பகலில் பாசங்கின் முதல் அம்பு பலகையில் நின்றது. ஒரு கணம் அவருக்கு முகம் சுருங்கியது. அதற்குள் கூட்டம் கைகோத்து ஆடிப் பாடத் தொடங்கிவிட்டது. அவருடைய இடுப்பில் யாரோ ஒரு சிவப்புத் துணியைச் செருகினார்கள், இலக்கைத் தொட்டதற்கு மரியாதை. இரண்டாவது அம்புக்கு மஞ்சள். மூன்றாவதற்கு அவரே முதலில் ஆடத் தொடங்கினார்.

இடுப்பில் ஐந்து வண்ணத்தோடு வீட்டுக்கு வந்தவரிடம் யாங்கி கேட்டாள்: "எத்தனை மீட்டர்?"

"எத்தனை துணின்னு கேளு."

 அவள் ஐந்தையும் துவைத்து, தெருவைப் பார்த்த ஜன்னலில் காயப்போட்டாள். படமும் பெர்த்துக்குப் போயிற்று. மகள் ஊர் முழுக்கக் காட்டியதாகக் கேள்வி.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கால்நடை மருத்துவர் மாற்றலாகி வந்தார். பாசங்கை விட இரண்டு விரல் உயரம். முப்பத்தோரு அங்குல அம்பு வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். மூவர் குழுவில் நான்காவது உறுப்பினராகச் சேர்ந்திருந்த பாசங் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"இருபத்தேழுதான் டாக்டர். நீளம்கிற இடத்துல ஏற்கெனவே அச்சாகியிருக்கு பாருங்க."