வியாழக்கிழமைச் சட்டை

“அங்கிள், காலைக் காட்டுங்க.”

சன்னாசி காட்டவில்லை. வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கால்களையும் ஒளித்து வைத்துக்கொண்டு, மேல்பாதியை மட்டும் காவலாளியின் பக்கம் நீட்டினார். மேல்பாதியில் குறை கிடையாது. வெள்ளை முழுக்கைச் சட்டை. கஞ்சி போட்டு மனைவி தனலெட்சுமி இரண்டு முறை தேய்த்தது.

“கடிதம் இருக்கு தம்பி. ஒன்பதரைக்கு இன்டர்வியூ. குடியுரிமை இன்டர்வியூ.”

“கடிதம் கையில இருக்கு. நான் கேட்டது கால்.”

காவலாளி ஹலிம் தொட்டியை நகர்த்தினான். கறுப்புக் காலுறை இரண்டு வெளிப்பட்டன. வலது காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரலும் வெளிப்பட்டது.

“சப்பாத்து எங்க அங்கிள்?”

“இருக்கே.” சன்னாசி பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சப்பாத்தின் மேல்பாகங்கள் இரண்டு, அடிப்பாகங்கள் இரண்டு, கொஞ்சம் கறுப்புத் தூள்.

அது பதினொரு வருடச் சப்பாத்து. முதல் நேர்காணலுக்குச் சிலிப்பரோடு வந்து, இதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, ஓடிப்போய் வாங்கியது. வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவருடைய பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அடுத்த கடிதம் வரப் பதினொரு வருடம் ஆனது. அதுவரை சப்பாத்தை ஒரு நாள்கூடப் போடாமல் அலமாரியில் பாச்சை உருண்டை போட்டுப் பாதுகாத்தார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் போடாத சப்பாத்துதான் முதலில் சாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று காலை பஸ்ஸை விட்டு சன்னாசி இறங்கினார். அடிப்பாகம் இறங்கவில்லை.

“தம்பி, சட்டப் பலகையைப் பாரு.” சன்னாசி வாசலில் தொங்கிய படத்தைக் காட்டினார். கையில்லாச் சட்டை, அரைக்கால் சிலுவார், கிழிந்த ஜீன்ஸ், சிலிப்பர் என்று எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. “வெறும் காலுறைக்குப் படமே இல்லையே?”

“நீங்க போன பிறகு வரைஞ்சு சேர்த்துடறேன்.”

மணி எட்டு முப்பத்தெட்டு.

சன்னாசி வாதாடுகிற ஆள் இல்லை. ஐம்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பிறந்ததைப் பதிய அப்பா மறந்துபோனார். அதிலிருந்து அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. மனைவிக்குக் குடிமக்களின் நீலம், மூன்று பிள்ளைகளுக்கும் நீலம், போன மாதம் பிறந்த பேத்திக்குக்கூட நீலம்தான் வரப்போகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் மொத்தக் குடும்பத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், வாக்குச்சாவடிக்கு வெளியே எல்லோருடைய கைப்பைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

அடுத்த தேர்தலுக்குக் கைப்பையை வேறு யாராவது பிடிக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார். ஆகவே சாலையைக் கடந்து எதிர்க்கடைக்கு ஓடினார்.

கடைக்காரி சலேஹா, பதிவு இலாகா வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களை நம்பியே கடை வைத்திருப்பவர். கைலி, தொப்பி, முழுக்கைச் சட்டை, முழு சிலுவார் எல்லாம் தொங்கின.

“அக்கா, சப்பாத்து! ஒன்பதாம் நம்பர்!”

“ஆறுதான் இருக்கு. போட்டுப் பாருங்க. இழுத்தா வரும்.”

சன்னாசி இழுத்தார். ஒற்றைக் காலில் நின்று இழுத்தார். குதிகால் உள்ளே போக மறுத்தது. இரண்டு தடவை குதித்தார். மூன்றாவது குதியில் முழங்கை சலேஹாவின் கறுப்புக் காப்பிக் குவளையில் பட்டது. காப்பி கீழே ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முழுவதையும் வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டது.

“ஐயோ... என் காப்பி,” என்றார் சலேஹா.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. தனலெட்சுமி.

“என்னாங்க, உள்ள போயிட்டீங்களா?”

“போய்க்கிட்டே இருக்கேன்.”

“வெள்ளைச் சட்டை. அழுக்காகாமப் பாத்துக்குங்க. பஸ்ல சாஞ்சு உக்காரலையே?”

“சாயவே இல்ல.” அது உண்மை.

சலேஹா அதற்குள் ஒரு சட்டையை இறக்கியிருந்தார். கருநீலத்தில், ஆரஞ்சு நிறத்தில் தட்டு அகலப் பூக்கள் போட்ட பாத்திக் சட்டை.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“வியாழக்கிழமைன்னா கவர்மென்ட் ஆளுங்க எல்லாம் பாத்திக்தான். உள்ள இருக்கற பெரிய ஆபீசருங்க பூரா இந்தப் பூதான் போடறாங்க, எங்கிட்டதான் வாங்கறாங்க. நீங்களும் இதைப் போட்டுட்டுப் போய் உக்காந்தா, பாக்கறவனுக்கு நம்ம ஆளுன்னு ஒரு எண்ணம் வருமா வராதா?”

வரும் என்றே சன்னாசிக்கும் தோன்றியது. ஐம்பத்தொன்பது வருடமாக யாருக்கும் வராத எண்ணம். உடனே போட்டுக்கொண்டார். தோள் இரண்டும் முழங்கையில் தொங்கின.

எட்டு ஐம்பத்தைந்துக்கு மறுபடியும் வாசல்.

“சட்டை பிரமாதம் அங்கிள்,” என்றான் ஹலிம். “கால்?”

சன்னாசி பதில் சொல்வதற்குள் ஒரு பெண்மணி அவரை உரசிக்கொண்டு உள்ளே போனார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துணி, மஞ்சள் டி-ஷர்ட், விளையாட்டு சிலுவார், கழுத்தில் விசில், தோளில் ஒரு சாக்குமூட்டை.

“தம்பி! அந்தம்மா டி-ஷர்ட்ல போறாங்க! அவங்களை விடற?”

“அவங்க கால்ல சப்பாத்து இருக்கு.”

பெண்மணி நின்று திரும்பினார். சன்னாசியின் பெருவிரலைப் பார்த்தார். சாக்குமூட்டையைக் கீழே போட்டு அவிழ்த்தார். உள்ளே ஏழெட்டு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துகளும், பாம்புபோல் சுருண்ட தடிமனான கயிறும் இருந்தன.

“என்ன நம்பர்?”

“ஒன்பது.”

“இந்தாங்க. மூணு மணிக்குள்ள எனக்குத் திரும்பி வந்துடணும். கயிறு இழுக்கணும்.”

“சத்தியமா வரும் டீச்சர்,” என்றார் சன்னாசி. விசில் வைத்திருப்பவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியைதான். அதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த அம்மாவும் மறுக்கவில்லை.

சப்பாத்து கச்சிதமாக இருந்தது. முனையில் சிவப்புச் சாயத்தில் ‘4’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ஹலிம் குனிந்து பார்த்து, நான்கைக் கவனித்து, பலகையைக் கவனித்து, எண்களுக்கு எதிராகச் சட்டம் ஏதும் இல்லாததால் கதவைத் திறந்தான்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு சன்னாசி உள்ளே காலெடுத்து வைத்தார்.

நான்கு அடி வைத்திருப்பார்.

“துவான்! துவான்! பிறந்த சூராவைத் தொலைச்சிட்டா எந்தக் கவுண்டர்?”

கையில் குழந்தையோடு ஒரு பெண், பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவள். ‘துவான்’, அதாவது ஐயா என்று அவரை இதுவரை யாரும் அழைத்ததில்லை. வேலை செய்கிற டயர் கடையில் அவர் பெயர் ‘ஓய்’. சன்னாசி திரும்பி, பின்னால் எந்தத் துவான் நிற்கிறார் என்று பார்த்தார். யாரும் இல்லை.

“நான் ஆபீசர் இல்லம்மா...”

“தெரியும் துவான், எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. எந்தக் கவுண்டர்?”

கூட்டத்துக்கு மேல் எட்டிப் பலகையைப் படித்தார். “ஆறு.”

அதுதான் அவர் செய்த தவறு. பதில் சொல்கிற ஒரு பாத்திக் சட்டை கிடைத்துவிட்டது என்ற செய்தி மண்டபம் முழுக்கப் பரவியது. கவுண்டர்களே தெரியாதபடி கூட்டம் அவரைச் சூழ்ந்தது. விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாத பெரியவருக்கு நிரப்பிக் கொடுத்தார். பெயரில் எழுத்து மாறிப்போனவரை எட்டுக்கு அனுப்பினார். கட்டைவிரல் ரேகை விழாத கிழவியிடம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். அவருக்கும் அதே தொல்லை உண்டு. எல்லோரிடமும் மலாயில்தான் பேசினார்; வேறு மொழி பேச நேரமில்லை. பின்பக்கத் திடலில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் வரிசையாக மாறியிருந்தது. வரிசை அவருக்குப் பின்னால் கதவுவரை நின்றது.

மணி ஒன்பது இருபத்தாறு.

சன்னாசி படிக்கட்டை நோக்கி ஓடினார். வரிசையும் ஓடியது.

“துவான் டீ குடிக்கப் போறாரு! பிடிங்க!”

இரண்டாவது மாடி, மூன்றாம் அறை. உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார்.

மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுச் சீனர், வழுக்கை, மூக்குக்கண்ணாடி, முன்னால் கனத்த கோப்புகள் இரண்டு. உடம்பில் கருநீலப் பாத்திக், தட்டு அகல ஆரஞ்சுப் பூக்கள். சலேஹா பொய் சொல்லவில்லை!

மூலையில் அந்த விளையாட்டு டீச்சர் தரையில் உட்கார்ந்து, சப்பாத்துகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு நோட்டு.

“எந்த நாற்காலியிலயாவது உக்காருங்க. இதை முடிச்சிடறேன்,” என்றார் நிமிராமல்.

அவருக்கும் நமக்கும் என்ன என்று சன்னாசி அதிகாரியின் பக்கம் திரும்பினார். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

“வாங்க துவான். உக்காருங்க துவான்.”

சிவப்பு அட்டைக்காரனைத் துவான் என்கிறார்! பதினொரு வருடத்தில் அரசாங்கம் எவ்வளவு பணிவாக மாறிவிட்டது என்று சன்னாசி நெகிழ்ந்துபோனார். “நீங்க முதல்ல உக்காருங்க துவான்.”

“அது மரியாதை இல்ல துவான்.”

இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

“துவான்... இந்த ஊர்ல ரொம்ப நாளா?” என்றார் அதிகாரி, கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தபடி.

முதல் கேள்வி. சன்னாசி முதுகை நிமிர்த்தினார். “பொறந்ததுல இருந்து துவான். ஒரு நாள் வெளியூர் தங்கினதில்ல.”

“நானும் அப்படித்தான்.” அதிகாரி கைக்குட்டையை மடித்தார். “பொறந்தது, வளந்தது, நூடுல்ஸ் வித்தது, எல்லாம் இங்கதான்.”

அரசாங்க அதிகாரி நூடுல்ஸ் விற்றாரா? மடக்குக் கேள்வியாக இருக்கலாம். சன்னாசி தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த கேள்வி வரவில்லை. அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மௌனமே ஒரு சோதனை என்று சன்னாசிக்குப் பட்டது. மூன்று மாதமாகக் குளியலறையில் மனப்பாடம் செய்தது வீண்போகக் கூடாது.

“தேசியக் கோட்பாடு ஐந்தும் ஆரம்பிச்சிடலாமா துவான்?”

அதிகாரி சுவிட்சைத் தட்டியதுபோல் எழுந்து விறைப்பாக நின்றார். “இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்!”

ஆகா, முதலடியை அவரே எடுத்துக் கொடுக்கிறார்! சன்னாசியும் எழுந்தார். “பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம்!”

அதிகாரி மூன்றாவதைச் சொன்னார். சன்னாசி நான்காவது. ஐந்தாவதை இருவரும் சேர்ந்து முழங்கினார்கள். அந்த வேகத்தில் யார் தொடங்கியது என்று தெரியாமல் தேசிய கீதமும் தொடங்கிவிட்டது. அதிகாரிக்கு நல்ல குரல். சன்னாசிக்கு நல்ல சத்தம். கதவுக்கு வெளியே நின்ற வரிசை பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றது. மூலையில் டீச்சரும் கையில் ஒரு சப்பாத்தோடு எழுந்து நின்றார். பாடி முடித்தபோது அதிகாரியின் கண்ணாடி ஈரமாகியிருந்தது.

டீச்சர் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார்.

இதற்கு மேல் சன்னாசியிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

“துவான்... எனக்கு முடிவு எப்போ தெரியும்?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“அதைத் துவான்தானே எனக்குச் சொல்லணும்?”

இரண்டு பாத்திக் சட்டைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரே நீலம், ஒரே பூ. இரண்டு சட்டைப் பைகளிலும் ஒரே சிவப்பு அட்டை எட்டிப் பார்த்தது.

மூலையில் விசில் ஒலித்தது. சாக்குமூட்டைக்காரம்மா எழுந்து வந்து, மேசை மேலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்து இரண்டு கோப்புகளிலும் ஒவ்வொரு குத்துக் குத்தினார்.

“இன்னைக்கு எங்க ஆபீசருங்களுக்கு விளையாட்டு தினம், பாத்திக் போட்டுட்டு வந்தது இந்தக் கட்டடத்துலயே நீங்க ரெண்டு பேருதான், வாய்மொழித் தேர்வுல ரெண்டு பேருமே பாஸ், சத்தியப் பிரமாணம் எடுக்க வரும்போது மட்டும் தயவுசெஞ்சு வேற வேற சட்டையில வாங்க.”