பத்து கிலோமீட்டர் ஜெபம்

"யாருக்கும்மா சீரியஸ்?"

பால்காரர் முனுசாமி டிவிஎஸ் ஐம்பதைக் குறுக்கே நிறுத்தியதும் சுகிர்தாவின் ஓட்டம் நின்றுபோனது. ஒரே வாரத்தில் இது ஐந்தாவது தடவை. கவரைப்பேட்டைப் பக்கம் விடியற்காலையில் ஒரு பெண் ஓடினால், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். வண்டியில் போகிறவர்கள் எல்லாம் நிறுத்தி ஏறச் சொல்வார்கள். ஊரில் நல்லவர்கள் அதிகம். அதனால் அவளால் ஒரு கிலோமீட்டரைக்கூட முழுசாக ஓட முடியவில்லை.

கையில் சாமான் இருந்தால் கேட்க மாட்டார்கள் என்று அன்று ஒரு பிளாஸ்க்கைத் தூக்கி வந்திருந்தாள். அது இன்னும் மோசம். பிளாஸ்க் என்றால் ஆஸ்பத்திரி.

"சொல்லும்மா, யாரு பெட்ல கீறாங்க?"

மூச்சு வாங்கியதில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "எங்க அத்த."

முனுசாமி முகம் வாடி வழிவிட்டார். நூறு அடி ஓடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்னும் அரை மணியில் இந்த மனிதர் அவள் வீட்டுக்குத்தான் பால் ஊற்றப் போகிறார். கதவைத் திறப்பதே மாமியார் ரோசம்மாள்தான்.

திரும்பி ஓடினாள். அதுவரை ஓடியதிலேயே அதுதான் வேகம்.

"அண்ணே, ஊட்ல பால் வாங்க ஆளில்ல. இனிமே வழியிலயே நான் வாங்கிக்கிறேன். இதுலயே ஊத்துங்க."

இத்தனை கூத்துக்கும் காரணம் அவளுடைய வலது கை. கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று அறிவித்தார்கள். "லேடீஸுக்கு வழக்கம்போல ஸ்பூன்ல எலுமிச்சம்பழம்" என்று சூப்பர்வைசர் சின்னதுரை சிரித்தபோது, அந்தக் கை அவளைக் கேட்காமலேயே மேலே போய்விட்டது. கால்களின் நிலவரம் கைக்கு எப்படித் தெரியும்? கம்பெனி பஸ்ஸுக்குக்கூட ஓடாத கால்கள் அவை. ஆனாலும் பின்வாங்க மனசு வரவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான்.

வீட்டில் சொன்னால், சும்மா ஓடுவதற்கா நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தை கேட்பார். அதனால் சர்ச்சில் விடியற்காலை ஜெபம் என்று சொல்லியிருந்தாள். புருஷன் ராபினுக்கு நைட் ஷிஃப்ட். காலை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

வேர்த்து ஊற்ற, பாலோடு நுழைந்தவளை ரோசம்மாள் மேலும் கீழும் பார்த்தார்.

"சர்ச்சுல ஃபேன் ரிப்பேரா?"

"முட்டி போட்டே ஜெபம் பண்ணோம் அத்த."

ரோசம்மாள் பிளாஸ்க்கைப் பாத்திரத்தில் கவிழ்த்தார். பாலின் மேல் வெண்ணெய் மிதந்தது. அதைக் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அத்தை தெருவில் நடமாடலாமா? "வெளிய ஒரே ஜுரமா கீது, நீங்க ஊட்லயே இருங்க" என்றாள். ரேஷன், மார்க்கெட், மகள் மோனிகாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. காலையில் ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டு, அரிசி மூட்டையோடு இன்னொரு கிலோமீட்டர் நடந்தாள். ரோசம்மாள் உடனே டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தார். இவ்வளவு நல்ல மனுஷியையா படுக்கையில் போட்டோம் என்று சுகிர்தாவுக்கு மனசு குத்தியது.

ஆனால் பொய் வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒரு வண்டியும் நிற்கவில்லை. தூரத்தில் அவளைக் கண்டதுமே ஆட்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. ஒருத்தர் தம் நாயைக்கூடப் பிடித்துக் கட்டினார். அதே ஊர்க்காரனான சின்னதுரை, முதல்முறையாக, "பொறுமையா செய்ங்கக்கா" என்றான். சுத்தியல் பிடிக்கும் வேலையிலிருந்து லேபிள் ஒட்டும் மேஜைக்கு மாற்றினான். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் இவ்வளவு மரியாதையா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதே மரியாதை அவள் காலை வாரியது.

"உங்க நெலம அப்டி கீது. கூட்டத்துல ஓட வேணாம்னு உங்க பேர எடுத்துட்டேன்க்கா."

"என் பேரயா?" சுகிர்தா மேஜையில் கை ஊன்றி எழுந்தாள்.

சின்னதுரை அங்கே கிடந்த கத்தரிக்கோலை மெல்ல எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "இல்லக்கா. இப்பவே எழுதிடறேன். மொத நம்பர் உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடினாள். ஏழாவது கிலோமீட்டரில் அழுதாள், எட்டாவதில் தன் வலது கையைத் திட்டினாள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். பத்தாவதை முடித்தபோது அவளுக்குப் பின்னால் பதினோரு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் சின்னதுரை.

முடிவுக் கோட்டைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மோனிகாவைக் கையில் பிடித்தபடி ரோசம்மாள், குத்துக்கல் மாதிரி. இன்னொரு கையில் அதே பிளாஸ்க். பக்கத்தில் முனுசாமி.

இனி மறைக்க ஒன்றுமில்லை. சுகிர்தா நேராக முனுசாமியிடம் போனாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. எங்க அத்தைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமே இல்ல."

முனுசாமி இரண்டடி பின்வாங்கி டிவிஎஸ் ஐம்பதுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"தெரியும்மா. நான் இன்னாத்துக்கு ஊட்டுக்கு வர்லன்னு அன்னிக்கே அக்கா போன் போட்டுச்சி. உனக்குத்தான் கோவ வியாதியாம், டாக்டர் நெதம் ஓடச் சொல்லிக்கீறாராம், நடுவுல எவனாச்சும் நிறுத்துனா கைல கீறத எடுத்து மண்டயப் பொளந்துடுவியாம். அக்காதான் ஊரு பூரா சொல்லி வச்சிகீது."