யார் துணையும் தேவையில்லை

“சார், எட்டாவது படியிலயே நிக்குது,” என்றாள் வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணப்பிரியா போனில்.

முகப்பேர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த சம்பந்தம் கையைக் கழுவிக்கொண்டார். பருத்திப்பட்டு வாசகசாலைக்குத் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, இலவச மென்பொருளை வைத்து அதை நூல் பட்டியல் சர்வராக மாற்ற வழிகாட்டியும் எழுதியவர் அவர். தலைப்பே ‘யார் துணையும் தேவையில்லை’. முதல் நாள் தான் செய்ததை, நெட் பெயர், பாஸ்வேர்டு முதற்கொண்டு, செய்தது செய்தபடி, பத்துப் படிகளாக நான்கு பக்கத்தில் எழுதியிருந்தார்.

தன்னார்வக் குழுவின் ஸ்வாதி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “உங்க துணையில்லாம ஒருத்தர் முடிச்சுக் காட்டட்டும் சார். அப்புறம் எல்லா ஊருக்கும் வெளியிடலாம்.”

திங்கட்கிழமை சம்பந்தம் மாற்றலாகி ஓசூர் போகிறார். அடுத்தவர் எழுதிய அரைகுறைக் குறிப்புகளோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய மனிதர், இந்த ஒன்றையாவது உருப்படியாக விட்டுப் போக ஆசைப்பட்டார்.

“நெட் இருக்காம்மா?”

“புதுப் பெட்டியில பச்சை லைட் எரியுது சார்.”

“அப்ப நான் எழுதினதுலதான் கோளாறு. வர்றேன்.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற தோரணையில் எட்டாவது படி தானே தாண்டிப் போயிற்று.

விளக்கம் போதவில்லை என்று பதினோரு பக்கமாக்கினார். மறுநாள் அவள் முதலிலிருந்து செய்து பார்த்தாள். மறுபடியும் எட்டில் நின்றது. எச்சரிக்கைகள் சேர்த்து இருபத்தாறு பக்கமாக்கினார். அதில் ஒரு வரி, ‘நின்றால் அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குக.’ கிருஷ்ணப்பிரியா சொன்ன சொல் தட்டாதவள். அதே கம்ப்யூட்டரில் அவள் அடித்து வைத்திருந்த நானூறு புத்தகப் பெயர்களும் போயின.

“நீங்க வந்தாதான் அது கேக்குது சார்.”

“அப்படிச் சொல்லாதம்மா. அது கம்ப்யூட்டரு, கோயில் யானை இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி முயற்சி. வாயைத் திறப்பதில்லை என்ற சபதத்தோடு சம்பந்தம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எட்டு கடந்தது. ஒன்பது, பத்து. திரையில் நூல் பட்டியல் பக்கம், காலியாகத்தான் என்றாலும், வந்து நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது. ‘என் துணையில்லாமல் முடிந்தது, வெளியிடலாம்’ என்று ஸ்வாதிக்குச் செய்தி அனுப்பினார்.

தண்ணீர் கேனை இறக்கிவைத்த வேம்புலி, மேசையிலிருந்த இருபத்தாறு பக்கத்தையும் மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார்.

“சோக்கா எழுதிக்கீறீங்க சார். மூணாம் பக்கத்துல கீற பாஸ்வேர்டைப் போட்டு, நானே ரெண்டு வாரமா உங்க போன் நெட்லதான் படம் பாத்துகினு கீறேன். இன்னா, நீங்க வண்டிய எடுத்துகினு கெளம்பிட்டா, எனக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒண்ணாவே நின்னுபூடுது.”